கோமிய வாடை

அப்பா ரிட்டயர் ஆகி, நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்த மறுநாள், விட்டுப்போன பூந்தொட்டிகளை எடுக்கப் போனேன். வாசலிலேயே கோமிய வாடை அடித்தது.

எனக்கு ஏழு வயதில் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, அம்மா அறை அறையாகக் கோமியம் தெளித்தாள். முன்பு இருந்தவர்கள் தாழ்த்தப்பட்ட சாதி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களுக்காக அவர்கள் பிடித்து வைத்திருந்த குடத்துத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அம்மிக்கல்லை எடுத்துப்போக வந்த அந்தக் குடும்பத்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கழுவிட்டுத்தாங்க சாவி குடுத்தோம்” என்றார். அம்மா அடுத்த அறைக்குத் தெளிக்கப் போனாள்.

இப்போது செம்பும் மாவிலையுமாக நின்ற புதுக் குடித்தனக்காரம்மா, என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார்.

“உங்களுக்காக இல்லீங்க. உங்களுக்கு முந்தி யார் யாரோ இருந்திருப்பாங்கல்ல?”

“ஆமாங்க” என்றேன். அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.