ஓதிய தண்ணீர்

என் கணவருக்கு அந்தப் பயம் கழிப்பறையில்தான் வரும். தாராவியில் எங்கள் சந்துக்கெல்லாம் ஒரே பொது சண்டாஸ். தோல் பை தைக்கிற இவர், வரிசையில் கதை பேசிக்கொண்டு நிற்பார். சிறுநீர் கழித்துவிட்டு வரும்போது முகம் வெளுத்து, சட்டை நனைந்து, நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஒருநாள் வாசலிலேயே விழுந்துவிட்டார்.

நுழையுமுன் ஓதவேண்டிய துஆவை ஓதாமல் உள்ளே போயிருப்பான், ஜின் பிடித்துக்கொண்டது என்றார் மாமியார். பள்ளிவாசலிலிருந்து ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. வேளைக்கு ஒரு செம்பு. குடிக்கக் குடிக்க அடிக்கடி போகவேண்டி வந்தது. போகப் போகப் பயம் கூடியது. ஜின் முரண்டு பிடிக்கிறது என்று இன்னொரு செம்பு கொடுத்தார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனாலும் வாய் திறக்கப் பயம், ஜின்னாகவே இருந்துவிட்டால்?

கடைசியில் நான் அவரைக் கூட்டிப்போன செம்பூர் டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையின் சுவரில் ஒரு கட்டி. அதில் சதைத் துணுக்கு எடுக்கும்போதே பிரஷர் எகிறி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிடைத்ததைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு சொல்ல முடியவில்லை. வழக்கமான புற்றுநோய் என்றால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டு, வயிற்றுக்கு வெளியே பை மாட்டவேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கவேண்டிய சுரப்பியின் வேலையை இங்கே வந்து செய்கிற கட்டி என்றால், அந்த இடத்தை மட்டும் வெட்டினால் போதும். எதுவென்று பார்க்க, துணுக்கை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினார்கள்.

பதிலுக்குக் காத்திருந்தோம். வயிற்றில் மூத்திரப் பையோடு எப்படித் தொழுவேன் என்று அவர் ஒரேயொரு தடவை கேட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படம் காட்டினார். ஒற்றைச் செல்லுக்குள் கடுகு சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

"இது எல்லாம் பயந்தா சுரக்கற ஹார்மோன் பொட்டலம்மா. சிறுநீர்ப்பை சுருங்கறச்சே ரத்தத்துல கொட்டறது. அவர் பயப்படலை. இது அவரைப் பயமுறுத்தறது."

வீட்டில் சொன்னபோது, இத்தனூண்டா என்று கேட்டார் மாமியார்.

பிரஷரை மாத்திரையால் அடக்கிவிட்டுத்தான் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்தார்கள். வீடு திரும்பியபின் அவர் முதன்முதலாகச் சண்டாஸுக்குப் போனபோது கூடவே போய் வெளியே நின்றேன். துஆ ஓதிவிட்டு இடது காலை வைத்தார். கதவைச் சாத்தினார். உள்ளே சத்தமே இல்லை. யா அல்லா, விழுந்துவிட்டாரோ? கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்.

கதவைத் திறந்து வந்தார். சட்டை காய்ந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கு ஏம்ளா இப்படி வேர்க்குது?"