வால்வு ஒட்டிக்கொண்ட நாள்

காலையில் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே, அடுக்குமாடிப் படிக்கட்டுக்கு அடியில், என் வீட்டுக்காரர் மோட்டாரை உதைக்கிற சத்தம் கேட்டது. மோட்டார் என்றால் இங்கே மலேசியாவில் மோட்டார்சைக்கிள். மழைக்காலம் முழுக்கப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி மூலையில் நிறுத்தியிருந்ததை இன்றைக்குத்தான் வெளியே எடுத்திருக்கிறார். கிக்கர் தடையே இல்லாமல் தொளதொளவென்று கீழே போய் இடித்தது. மறுபடி உதைத்தார். அதே சத்தம். ஜன்னலைத் திறந்து, "எக்ஸோஸ்ட் வால்வு ஒட்டிக்கிச்சுங்க! சும்மா ஒதைக்காதீங்க!" என்று கத்தினேன்.

அண்ணாந்து பார்த்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், மாட்டக்கூட அவரைத்தான் கூப்பிடுவேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை இது ஒன்றுதான். அதைக் கற்றுக்கொண்டதும் ஒரே ஒரு மத்தியானத்தில்தான்.

கேமரன் மலையில் துருப்பிடிக்காத பொருள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், நாங்கள் இருந்தபோது தையல் ஊசியைத் தேங்காயெண்ணெய்த் துணியில் சுற்றி வைப்போம். தீப்பெட்டி அரிசி டின்னுக்குள் இருக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் கண்ணன் அண்ணன் தன் பழைய மோட்டாரைத் தகரக் கொட்டகையில், புகைக்குழாய் மழையைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, காய்கறி லோரி ஓட்டப் போய்விட்டார். இரண்டு மூன்று மாதம் அதை யாரும் தொடவில்லை.

கண்ணன் அண்ணன், ஸ்டெல்லாவின் புருஷன். ஸ்டெல்லா எனக்கு அடுத்த கதவு. ஒரு பலகைச் சுவர்தான் இடையில். அவள் கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற பலகாரத்தின் வாசனை எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வரும், எங்கள் தீபாவளி முறுக்கு உடைகிற சத்தம் அவளுக்கு. ஒருமுறை டவுனில் ரத்ததான முகாம் நடந்தது. இலவசமாக மைலோவும் பிஸ்கட்டும் தருகிறார்கள் என்று இரண்டு பேரும் போனோம். எங்கள் இருவருக்கும் ஒரே வகை ரத்தம், அதுவும் லேசில் கிடைக்காத வகை என்றார்கள். "பாத்தியாடி, நான் அப்பவே சொன்னேன்ல, நீ என் கூடப் பொறந்தவதான்," என்று என் பங்கு பிஸ்கட்டையும் எடுத்துத் தின்றுவிட்டாள்.

அந்த மத்தியானம் நான் வேலை பார்த்த தோட்டத்துப் பாலர் பள்ளியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் தோட்டத்துப் பாதை சரிந்து கிடந்தது. தோட்டத்தில் இருந்த ஒரே வண்டியான துரையின் ஜீப்பு சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. கைப்பேசி வந்திருந்த காலம்தான், ஆனால் எங்கள் லயத்துக்குச் சிக்னல் எட்டாது. பாதை சரிவதற்கு முன்பே ஸ்டெல்லாவைப் பிரசவத்துக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதால் நாங்கள் கவலையில்லாமல் இருந்தோம்.

திடீரென்று வாசலில் கண்ணன் அண்ணன். இடுப்புவரைக்கும் சேறு. இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"டீச்சர்... பொம்பளப் புள்ள பொறந்திருச்சு. ஆனா ஸ்டெல்லாவுக்கு ரத்தம் நிக்கல. அந்த வகை ரத்தம் மலைக்குக் கீழேர்ந்து வரணும், ஏறி வர்ற ரோடும் அடைச்சுக் கெடக்கு. அவதான் ஒங்க பேரச் சொன்னா."

தேயிலைக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறார். சரிவைத் தாண்டும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் செருப்பைத் தேடினேன்.

"நடந்தா ரெண்டு மணி நேரம் ஆவும். அவ்ளோ நேரம் தாங்குமான்னு டாக்டர் சொல்ல மாட்டேங்குறாரு," என்றார். "மோட்டார் ஓடிச்சுன்னா தேயிலப் பாதையிலேயே போய்ப் பெரிய ரோட்டுல ஏறிரலாம்."

கொட்டகைக்கு ஓடினோம். உதைத்தார். கிக்கர் தொளதொளவென்று விழுந்தது. திரும்பத் திரும்ப உதைத்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"காத்தப் புடிச்சு வைக்கல. பொக வெளிய போற எக்ஸோஸ்ட் வால்வு தொறந்தபடி துருவுல ஒட்டிக்கிச்சு."

"அப்ப நடந்துரலாம்ணே."

"இருங்க டீச்சர். இத எடுத்துரலாம்."

நடப்பதா, நிற்பதா? அவர் மோட்டாரை நம்பினார். நான் என் காலை நம்பினேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றேன்.

சத்தம் கேட்டு லயமே கூடிவிட்டது. வால்வு எஞ்சினுக்கு அடியில் இருந்ததால் நாலைந்து பேர் மோட்டாரைத் தூக்கிச் சக்கரம் மேலே இருக்கும்படி கவிழ்த்தார்கள். பெட்ரோல் ஒழுகி மண்ணில் ஓடியது. ஒருவர் புகைக்குழாயைக் கழற்றினார். ஓட்டைக்குள் விரல் விட்டதும் ஈரத் துரு அப்பிக்கொண்டு வந்தது. அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். பக்கத்தில் இருந்த சின்ன வட்ட மூடியையும் திறந்தார்கள். உள்ளே ஒரு சுருள் கம்பி, அதன் நடுவே வால்வுத் தண்டின் நுனி.

"இதத்தான் அசைக்கணும். தட்டி உள்ள எறக்கணும், நெம்பி வெளிய இழுக்கணும். பலமா அடிச்சா வளஞ்சிரும், அப்புறம் ஒண்ணுக்கும் ஆவாது," என்றார் கண்ணன் அண்ணன். ஒற்றைக் கையால் முயன்றார். ஸ்குரு டிரைவர் வழுக்கியது. மற்ற ஆண்களின் விரல்கள் அந்த மூடி ஓட்டைக்குப் பெரிதாக இருந்தன.

"டீச்சர், நீங்க வைங்க கைய."

வைத்தேன். ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினேன், ஸ்குரு டிரைவரால் நெம்பினேன். அசையவில்லை. தட்டினேன், நெம்பினேன். கல் மாதிரி இருந்தது. பின்னாலிருந்து அம்மா, "நடந்து போயிருந்தா இந்நேரம் பாதி வழி போயிருப்பீங்க," என்றாள். உண்மைதான். அதனால்தான் அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது.

"சுடுதண்ணி!" என்று கண்ணன் அண்ணன் திடீரென்று கத்தினார். "கொதிக்கக் கொதிக்க வேணும். சூடு பட்டா பிடி விடும்!"

பெண்கள் ஓடினார்கள். சாயங்காலத் தேநீருக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் தண்ணீர் ஏற்றியிருந்த நேரம். ஒவ்வொரு கதவிலிருந்தும் ஆவி பறக்கும் கெண்டி, எங்கள் பேச்சில் கெத்தில், ஒன்று வந்தது. ஒருத்தி அவசரத்தில் தேயிலை போட்டதையே தூக்கி வந்துவிட்டாள். "பரவால்ல, ஊத்துக்கா!" என்றார் கண்ணன் அண்ணன். ஓட்டைகளில் துணியை அடைத்து, எஞ்சின் தலையில் கெத்தில் கெத்திலாக ஊற்றினார்கள். மண்ணெண்ணெய், துரு, தேநீர் எல்லாம் சேர்ந்து ஒரு ஆவி கிளம்பியது. துணியை உருவிவிட்டு மறுபடி நான் தட்டினேன்.

ஏதோ கொஞ்சம் இளகியது போல இருந்தது. பிரமையோ என்று நினைத்தேன். இன்னொரு தட்டு. மயிரிழை அளவு உள்ளே போனது. நெம்பினேன், வெளியே வந்தது. திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. கண்ணன் அண்ணன் என் காதருகே, "மெதுவா லா டீச்சர், மெதுவா, மெதுவா," என்று ஜெபம் மாதிரிச் சொல்லிக்கொண்டேயிருந்தார். டிக்கென்று ஒரு சத்தம். வால்வு தானாகவே துள்ளி மூடிக்கொண்டது.

மோட்டாரை நிமிர்த்திக் குழாயை மாட்டினார்கள். யாரோ புல்வெட்டும் மிஷினுக்கு வைத்திருந்த பெட்ரோலை ஊற்றினார்கள். இந்த முறை கிக்கர் காலை எதிர்த்தது. உதைத்து உதைத்து, கடைசியில் லயமே மறையும்படி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு எஞ்சின் உயிர்பெற்றது.

"ஒன் ஒடம்புல என்னா இருக்குன்னு ரத்தம் குடுக்கப் போற," என்று முனகிக்கொண்டே அம்மா என் கையில் ஒரு வாழைப்பழத்தைத் திணித்தாள்.

பயணம் அதைவிட மோசம். அந்த மோட்டாருக்குக் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் வலது கையால் மட்டும் ஓட்டினார். பனிமூட்டத்தில் அடுத்த தேயிலை வரிசைகூடத் தெரியவில்லை. செடிகளின் வாதுகள் முழங்காலைக் கீறின. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போதெல்லாம் நான் குதித்து இறங்கித் தள்ளினேன். "நின்னுறாத, நின்னுறாத," என்று அவர் சொன்னது மோட்டாரையா, ஸ்டெல்லாவையா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பெரிய ரோட்டில் ஏறியதும்தான் அவர் அழுகிறார் என்பது முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் கைகளைப் பார்த்துத் தாதி திகைத்துப்போனாள். சோப்புப் போட்டும் போகாத கரி. முழங்கை மடிப்பை மட்டும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ரத்தத்தைச் சோதித்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. கதவைத் திறந்து வந்த டாக்டர், ரத்தம் நின்றுவிட்டது என்றார்.

ஸ்டெல்லா மறுநாள் கண் திறந்தாள். உதடெல்லாம் வெளுத்துக் கிடந்தது. என் கையைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, கரிச்சட்டி கழுவிட்டு வந்தியா?" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. ஸ்டெல்லாவும் கண்ணன் அண்ணனும் கிள்ளானில் இருக்கிறார்கள், போனில் பேசிக்கொள்கிறோம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். லயத்து ஆட்களும் ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இறங்கிவிட்டார்கள். பாதிப் பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

போன வருஷம் கேமரன் மலையில் கியா பார்ம் காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். லயம் இருந்த மேட்டில் வரிசையாகப் பிளாஸ்டிக் கூரைகள், உள்ளே ஸ்ட்ராபெரி. எது எங்கள் வாசல், எது ஸ்டெல்லாவின் சுவர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. மருந்து அடித்துக்கொண்டிருந்த வங்காளதேசத்து ஆள் ஒருவர் முகமூடியை இறக்கிவிட்டு, என்னக்கா தேடுறீங்க என்று மலாயில் கேட்டார். கையை நீட்டிக் காட்டக்கூட அங்கே ஒன்றும் இல்லை. சும்மாதான் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.