மண்புழு எருவும் மாமனார் ஊர் மிளகாயும்

மண்புழு எரு யாவாரத்துல ஒரு சௌகரியம் உண்டு. சரக்கு தயார் பண்றவன் கூலி கேக்க மாட்டான், லீவு போட மாட்டான். சிரமம் என்னன்னா, உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டான். சொந்த யாவாரம்னு இறங்கி முழிச்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, பக்கத்துல இடம் போட்டு வச்சிருக்கேன், வந்து உக்காருங்க.

எண்பதுகள்ல நடந்தது. நான் வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிட்டாங்க. ஒரு பயிற்சி முகாம்ல மண்புழு எருவைப் பத்திக் கேட்டுட்டு வந்து, வண்டியூர்ல வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை போட்டு, சாணியும் சருகும் கொட்டி, புழுவை விட்டேன். சிம்மக்கல்ல தெரிஞ்சவர் ஒருத்தர் கடை வாசல்ல மூட்டையை அடுக்கி வித்தேன். என் மாமனாருக்குத் திருவாதவூர். "ஒரு வருசம் பாருங்க மாப்ள. சரிப்படலேன்னா நம்ம ரைஸ் மில்லுல வந்து உக்காந்துருங்க"ன்னு சொல்லிட்டாரு. அன்பாத்தான் சொன்னாரு. ஆனா வீட்டோட மாப்பிள்ளைன்னு ஒரு பட்டம் இருக்கு பாருங்க, அது ஒருதடவை ஒட்டுச்சுன்னா எந்த சோப்புக்கும் போகாது. அதுக்குப் பயந்துதான் நான் புழுவை நம்புனேன்.

புழுவைக் காணோம்

முதல்ல மூட்டை வாங்குன மிளகாய் விவசாயி மேலூர்ப் பக்கத்துப் பெரியசாமி. மறுவாரமே மூட்டையைத் தோள்ல சுமந்துக்கிட்டு கடைக்குத் திரும்ப வந்துட்டாரு. சாக்கை விரிச்சு, டீத்தூள் மாதிரி இருந்த எருவை அம்புட்டையும் கொட்டிக் கையால துழாவுனாரு. வீட்டுல பொம்பளையாளுக சொளகுல போட்டுப் பொடைச்சே பார்த்துட்டாங்களாம். ஒரு புழு கூட இல்லையாம்.

நான் பொறுமையா விளக்குனேன். புழு எங்க கொட்டகையிலதான் இருக்கும், இது அது தின்னுட்டுப் போட்ட கழிவு, செடிக்கு வேண்டியது இதுதான்னு. அவரு என்னையப் பார்த்தாரு, எருவைப் பார்த்தாரு, கடைக்காரரைப் பார்த்தாரு. "அப்ப மாட்டை நீங்க வச்சுக்கிட்டு சாணியை மட்டும் எனக்கு வித்திருக்கீங்க. நல்லாத்தாண்ணே இருக்கு உங்க யாவாரம்."

விரத நாள்

கடைக்குப் பின்னாடித் தெருவுல ஒரு சௌராஷ்டிர அம்மா, மாடியில தொட்டி வச்சு மிளகாய் வளர்த்தாங்க, மோர் மிளகாய் போடுறதுக்காக. நம்ம எருவை வாங்கிப் போட்டதுல காய் கொத்துக் கொத்தா வந்துருச்சு. வந்த பிறகுதான் இது புழு போட்டதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சுத்த சைவம். ஆளனுப்பி என்னையக் கூப்பிட்டாங்க. போனா அந்தம்மா, அவங்க வீட்டுக்காரர், மாமியார் மூணு பேரும் அவங்க பாஷையில பேசிக்கிட்டே இருக்காங்க. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது. நடுநடுவுல மூணு பேரும் ஒண்ணுபோல என்னையத் திரும்பிப் பார்ப்பாங்க. திட்டுறாங்களா, காப்பி போடச் சொல்றாங்களான்னு புரியாம நெளிஞ்சுக்கிட்டு நின்னேன்.

கடைசியில காப்பி வந்துச்சு. குடிச்சு முடிச்சதும் அந்தம்மா தீர்ப்பைச் சொன்னாங்க. "மத்த நாளைக்கு இந்த மிளகாயைச் சேர்த்துக்கிறோம் தம்பி. விரத நாளைக்கு மட்டும் கடையில வாங்கிக்கிறோம். கடை மிளகாய்க்கு என்ன போட்டாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல, அப்ப தோஷம் இல்லை."

மேல்பாதி, கீழ்பாதி

இப்படியே போனா தை மாசத்துக்குள்ள ரைஸ் மில்தான்னு தெரிஞ்சு போச்சு. கண்ணால பார்க்காம எவனும் நம்ப மாட்டான். அதனால மாமனார்கிட்டயே அவங்க மிளகாய் வயல் ஒண்ணைக் கேட்டேன். நடுவுல ஒரு வரப்பு போட்டு, மேல்பாதிக்கு என் எரு மட்டும், கீழ்பாதிக்கு அவங்க வழக்கமாப் போடுறது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்தா ஊருக்கே உண்மை தெரிஞ்சுரும்ல.

மச்சான், அதாவது என் சம்சாரத்தோட அண்ணன், உடனே தலையாட்டுனாரு. மாமாவும் தலையாட்டுனாரு. அத்தை அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து அவங்களும் தலையாட்டுனாங்க. "மேல்பாதியில வேற எதையும் போட்டுறாதீங்க"ன்னு நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அதை நீங்க சொல்லணுமாக்கும்? நாங்க அந்தப் பக்கமே போக மாட்டோம் மாப்ள"ன்னாரு மச்சான்.

ஆட்டுப் புழுக்கை

நாத்து நடுறதுக்கு முன்னாடி ஒருதடவை போனேன். மேல்பாதி மண்ணு பூரா ஆட்டுப் புழுக்கையாக் கிடக்கு. வரப்பைத் தாண்டிக் கீழ்பாதியில பார்த்தா சுத்தமா இருக்கு. எங்க பக்கத்துல வெறும் வயல்ல ராத்திரிக்கு ஆட்டு மந்தையை அடைச்சு வைப்பாங்க, கிடை போடுறதும்பாங்க. அது நிலத்துக்கு நல்ல எரு. எனக்கு லேசாச் சந்தேகம் தட்டுச்சு. மச்சான் வானத்தைப் பார்த்துக்கிட்டு, மேயப் போற ஆடு குறுக்க போயிருக்கும்னாரு.

போற ஆடு வரப்பு வரைக்கும் வந்து சொல்லிவச்ச மாதிரி திரும்பிருமான்னு கேட்டேன். "ஆடுன்னா நடக்கும் மாப்ள, நடந்தா போடும். அதுகிட்டப் போயி நாம கணக்கு கேக்க முடியுமா?"

ஊரே வந்த நாள்

மிளகாய்ப் பழம் பறிக்கிற அன்னைக்குப் போனவன் வரப்புலயே நின்னுட்டேன். மேல்பாதியில இலை கருகருன்னு, கிளைக்குக் கிளை செக்கச்செவேல்னு மிளகாய். கீழ்பாதிச் செடி பஞ்சத்துல அடிபட்ட மாதிரி முழங்கால் உயரத்துல நிக்குது. ஊரே வந்து பார்த்துச்சு. மாமா ஒவ்வொருத்தர்கிட்டயும் "எங்க மாப்ள எரு"ங்கிறாரு. பெரியசாமியும் கேள்விப்பட்டு வந்து பார்த்துட்டு, ரெண்டு மூட்டைக்குச் சொல்லிட்டுப் போனாரு. இனி ரைஸ் மில் கிடையாது, நான் நானாவே இருக்கலாம்.

மதியம் எல்லாரும் இலையில உக்காந்திருக்கோம். ஆட்டுக்கிடைக்காரர் வாசல்ல வந்து நின்னாரு. "அடுத்த வருசமும் அதே மேல்பாதியில கிடையைப் போட்டுருவோமா?"ன்னு மச்சான்கிட்டக் கேட்டாரு. மாமா திடுக்குனு திரும்பி, "கிடை போட்டியாடா? நான் கீழ்பாதிக்கு வாங்குன யூரியாவையும்ல மேல்பாதியில போட்டேன்"னாரு. அத்தை கையில குழம்புக் கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. அவங்க பங்குக்கு மேல்பாதிச் செடிக்கு வேப்பம்புண்ணாக்கு வச்சிருக்காங்க. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. கீழ்பாதிக்கு யாரும் ஒண்ணும் போடல. நான் சோத்தைப் பிசைஞ்சபடியே, ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன். மச்சான்தான் பதில் சொன்னாரு. "நீங்க ஜெயிச்சா எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பெருமை. தோத்து இங்க வந்து உக்காந்தா நாங்க தினம் மூணு வேளையும் மாப்பிள்ளை விருந்து வைக்கணும். ரெண்டுல எது லேசுன்னு நீங்களே சொல்லுங்க மாப்ள."

வேற என்ன போட்டாரு?

அது பாசமா, இல்ல நான் வந்து ஒட்டிக்கிருவேன்கிற பயமான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல. சம்சாரத்துகிட்டக் கேட்டா, ரெண்டும் ஒண்ணுதானன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. அது போகட்டும். என் எரு மட்டும் போட்டா செடி என்ன ஆகும்? அதையும் எனக்குச் சொல்ல ஆளில்ல.

அடுத்த விளைச்சல் சமயத்துல பெரியசாமி சிம்மக்கல்லுக்கு வந்தாரு. மூட்டையைத் திரும்பத் தூக்கிட்டு வந்திருக்காரான்னுதான் முதல்ல பார்த்தேன். உங்க எருவை மட்டுந்தான் போட்டேன், செடி மோசமில்ல, ஆனா உங்க மச்சான் வயல் மாதிரி வரலியே, அவரு வேற என்ன போட்டாருன்னு கேட்டாரு. எனக்கு மறைக்க மனசு வரல. கிடை, யூரியா, புண்ணாக்கு எல்லாத்தையும் சொல்லிட்டு, மூட்டைக்குக் கொடுத்ததைத் திருப்பித் தாரேன்னேன். அவரு தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு. "கிடையும் யூரியாவும் புண்ணாக்கும் நாங்க காலங்காலமாப் போடுறதுதானண்ணே. அதுக்கெல்லாம் வராத காய் அங்க வந்திருக்குன்னா, புதுசா விழுந்தது உங்க எரு ஒண்ணுதான? இன்னும் நாலு மூட்டை ஏத்துங்க."

மண்புழுவுக்குக் கண்ணே கிடையாதாம், அது இம்புட்டு காலமா மண்ணுக்குள்ள எப்படிப் போகுதோ அப்படித்தான் நானும் இந்த யாவாரத்துல போய்க்கிட்டிருக்கேன்.