பாதிப் பாலம்

நீங்கள் அன்றாடம் கடக்கும் பாலத்தில் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கக் கைப்பிடியில் சாய்ந்தால் அது தாங்குமா? யாரிடமாவது கேட்டிருக்கிறீர்களா?

இந்தப் பெண் கேட்டார். பாலங்களுக்கு முதல் வடிவம் தேடும் பொறியாளர். அலுவலகத்தில் 'சல்லடை அக்கா'. பாலம் வரும் இடத்தை அடைக்கும் முழுக் கட்டியொன்றைக் கணினியில் வரைந்து, பாரம் எங்கே விழும் என்று சொன்னால், பாரம் சுமக்காத இடத்தையெல்லாம் அது அரித்துத் தள்ளிவிடும். மிஞ்சுவது சல்லடை போன்ற எலும்புக்கூடு; அதுதான் பாலத்தின் வடிவம். நாம் சொல்லாத பாரம் அதற்குத் தெரியாது.

ஆற்று நடைபாலத்துக்கு மாலைக்குள் படம் வேண்டும் என்றார் மேலாளர். நேரமில்லாததால், இந்தப் பெண் நீளவாக்கில் பிளந்த பாதிப் பாலத்தை மட்டும் கணினியில் ஓட்டினார். மறுபாதி அதன் கண்ணாடிப் பிம்பம். இடப்பக்கம் ஒருவர் நின்றால் வலப்பக்கமும் ஒருவர் நிற்பதாகவே கணினி நம்பும்.

அன்று வீட்டில் படத்தைப் பார்த்தார் கணவர், பேருந்து ஓட்டுநர்.

"அழகாத்தான் இருக்கு. எல்லாரும் ஒரே பக்கம் தொங்கினா? அதுக்குத்தானே பஸ்ல தொண்டை கிழியக் கத்துறேன்."

மறுநாள் காலையில் மனைவி மேலாளர் முன் நின்றார்.

"சார், இது பாதி மாடல். முழுசா மறுபடி ஓட்டணும். மூணு நாள் குடுங்க."

"ஏம்மா, மேலிடத்துக்குப் படம் பிடிச்சுப்போச்சு. பின்னாடி வர்றவங்க பாத்துப்பாங்க."

"யாரு சார் அந்தப் பின்னாடி வர்றவங்க?"

"உன் வாய் மட்டும் முழு மாடல்."

படத்தின் அடியில் இந்தப் பெண் ஒரு வரி எழுதினார்: 'ஒருபக்கக் கூட்டத்தின் பாரம் பார்க்கப்படவில்லை.' ஒரு பிரதியை நகராட்சிக்கும் அனுப்பினார். அலுவலகம் அச்சிட்ட அறிக்கையில் படம் இருந்தது; வரி இல்லை. பின்னால் வந்தவர்கள் கம்பியின் தடிமனைச் சரிபார்த்தார்கள். வடிவத்தை யாரும் தொடவில்லை.

பாலம் திறந்த பதினோராம் நாள் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினார்கள். பாலம் முறுக்கிக்கொண்டு சரிந்தது. ஒன்பது உயிர்கள்.

விதி என்றார்கள் சிலர். விதியா கத்தரிக்கோல் எடுத்து அந்த வரியை வெட்டியது?

அலுவலகம் விசாரணைக் குழுவுக்கு இந்தப் பெண்ணை மட்டும் கைகாட்டியது. அவர் மழுப்பவில்லை. "பாதி ஓட்டினது என் தப்பு. அன்னிக்கே மறுத்திருக்கணும். எழுதின வரி எங்க போச்சு?"

அப்படி ஒரு வரியே இல்லை என்கிறார் மேலாளர். எஞ்சியிருக்கும் நகராட்சிப் பிரதியைக் கேட்டால், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரமாட்டார்களாம். வழக்கு இப்போது நீதிமன்றத்தில்; வியாழக்கிழமை தீர்ப்பு. இந்தப் பெண் மட்டும் சிறைக்குப் போனால், அடுத்த பாலத்திலும் அதே கத்தரிக்கோல் வேலை செய்யும்.

அந்தப் பிரதியை எந்தக் குடிமகனும் கேட்கலாம். ஒரு வெள்ளைத் தாள் போதும். வியாழனுக்கு முன் நகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள்.