பெயர் சொல்லிப் பார்த்தவர்

ஓஸ்லோவில், ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் கோப்பிக்கடையில்தான் அவரைச் சந்தித்தேன். நரைத்த மீசை, கழுத்து வரை இழுத்துப் பூட்டிய குளிர்ச்சட்டை. நான் தொலைபேசியில் தமிழில் பேசியதைக் கேட்டுவிட்டு, மகளுடன் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, இவள் அமெரிக்காவிலை படிக்க விண்ணப்பிக்கிறாள். இண்டைக்குத்தான் கடைசி நாள். நான் கல்லூரிப் பேருகளைச் சொல்லுறன், கேள்விப்பட்டிருக்கிறியளோ?"

தமிழர் யாரைக் கண்டாலும் இப்படித்தான் கேட்பாராம். மூன்று பெயர்கள் சொன்னார். மூன்றும் பேர்போனவை, இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தலையாட்டினேன். நாலாவது நான் கேள்விப்படாத ஏதோ ஒரு சின்னக் கல்லூரி.

"அங்கை எனக்குக் கட்டாயம் கிடைக்கும், அப்பா. எனக்குப் பிடிச்சதும் அதுதான்," என்றாள் மகள் அவசரமாக.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் முடிவு செய்துவிட்டார்.

"பாத்தியே, இவவுக்கும் தெரியேல்லை. கோயிலிலை சனம் கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது? அதை எடுத்துவிடு."

அவள் கைபேசியில் இருந்த விண்ணப்பப் பட்டியலிலிருந்து அதை அழித்தாள். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அவள் மட்டும் ஒரு கணம் நின்றாள்.

"தெரியும் எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, அன்ரி."

அவளுக்கு எங்காவது இடம் கிடைத்ததா, தெரியாது. இப்போதெல்லாம் யார் எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னாலும், கேட்டு முடிக்கும் முன்பே என் தலை ஆடிவிடுகிறது.