பஸ்ரியன் போட்ட முதற்பக்கம்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பஸ்ரியனைப் பலருக்குப் பெயரளவில் தெரியும், முகம் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் தமிழ்க்கடை வாசலில், மரக்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த 'பனிமுரசு' என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் அவர். இலவசப் பத்திரிகை. வீடு விற்கிற முகவர்கள் கோட் போட்டுச் சிரிக்கும் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், அவற்றுக்கு இடையில் கொஞ்சம் செய்தி. சனம் வாசித்துவிட்டு அதை விரித்துப் போட்டு மீன் வெட்டும். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. "வாசிச்சுப்போட்டுத்தானே வெட்டுகினம்" என்பார்.

நான் அவருக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுத்தவன். பகலில் எனக்கு வேறு வேலை. வியாழன் பின்னேரங்களில், வோபர்னில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்த அவருடைய கந்தோருக்குப் போவேன். கீழே ஜவ்ஃபரின் இறைச்சிக்கடை. கத்தி விழுகிற சத்தம் எங்கள் மேசைவரை கேட்கும்.

பஸ்ரியன் மன்னாரில் பிறந்தவர். இளவயதிலேயே தாய் தகப்பன் இல்லாமற் போக, தங்கச்சி வேரோனிக்காவை வளர்த்தது அவர்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் அச்சுப்பிழை திருத்துகிறவராகச் சேர்ந்து, உதவி ஆசிரியராகி, அவளைப் படிப்பித்து ஆசிரியையாக்கி, மன்னாரிலேயே அடம்பனில் கட்டிக்கொடுத்தார். எண்பத்தேழில் சண்டையில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. அவரும் மனைவி புனிதவதியும் ரொறன்ரோவுக்கு வந்தார்கள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. இரண்டு வருடத்தில், வாடகைக்கு இருந்த பேஸ்மென்றிலேயே 'பனிமுரசு' தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமையும் அவர் தவறவிட்டதில்லை. நெஞ்சு வருத்தமென்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலில் இருந்தபடியே தலையங்கம் எழுதினார்.

ஒரு காற்புள்ளி பிசகினாலும் விடமாட்டார். ஆனால் போர்ச் செய்திகளில் மட்டும் பேனா வைப்பதில்லை. அவை எப்போதும் ஒரே இடத்திலிருந்து, ஊரில் சண்டை பிடித்த எங்கள் இயக்கத்திடமிருந்து வரும். வந்தபடியே முதற்பக்கத்தில் போடுவார். அவற்றில் எங்கள் பக்கம் தோற்றதேயில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன்.

"ஐசே, ஹீற்றருக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு நானும் நீரும் எதைத் திருத்துறது?" என்றார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்தபோது வேரோனிக்காவின் குடும்பம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. அடம்பனிலிருந்து வெளிக்கிட்ட சனம் துரத்திவந்த சண்டைக்கு முன்னால் கிழக்கே கிழக்கே என்று நடந்து, கடைசியில் முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் நெருங்கிக் கிடந்தது. புருஷன், இரண்டு பெண்பிள்ளைகளோடு அவளும் அதற்குள் இருக்கிறாள் என்ற அளவில்தான் தகவல்.

பங்குனியில் ஒரு வியாழன் பின்னேரம், நான் பக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது கந்தோர் ஃபோன் அடித்தது. எடுத்த பஸ்ரியன் கை தவறி ஸ்பீக்கர் பொத்தானை அமத்திவிட்டார்.

"அண்ணை, நான் வேரோனி. ஆரோ ஒராளின்ரை சற்றலைட் ஃபோன். கனக்கக் கதைக்கேலாது."

"எங்கையடி நிக்கிறாய்? பிள்ளையள்?"

"கடற்கரையிலை. பிள்ளையள் இருக்குதுகள். பங்கருக்குள்ளை தண்ணி ஊறுது. நேற்று ஆஸ்பத்திரிக்கு மேலையும் ஷெல் விழுந்தது. ஆமிதான் அடிக்கிறான், ஆஸ்பத்திரியெண்டு தெரிஞ்சுகொண்டே அடிக்கிறான். அங்கால், ஆமிப் பக்கம் போவமெண்டு சனம் வெளிக்கிட்டது அண்ணை. எங்கட இயக்க ஆக்கள் விடேல்லை. சுட்டவங்கள். எனக்குப் பக்கத்திலை வந்த அக்கா விழுந்துபோனா."

பஸ்ரியன் பேனாவை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"வெளிநாட்டுப் பேப்பருகளிலை, சனம் விரும்பித்தான் நிக்குதெண்டு போடுகினமாம். நீங்களும் அப்பிடித்தான் போடுறியளோ?"

அவர் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்தது. மேசையில் எனக்கு முன்னால் இருந்த அந்தக் கிழமையின் முதற்பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அந்தச் செய்தியை எடுத்துவிடச் சொன்னார். தானே உட்கார்ந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். சாப்பாடு கொண்டுவந்த புனிதவதி, விஷயத்தைக் கேட்டு அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"இஞ்சாருங்கோ, இதைப் போடாதேங்கோ. அவள் அதுக்குள்ளை நிக்கிறாள்."

"பேர் போடேல்லை."

"அவள் வெளியிலை வரட்டும். வந்தபிறகு போடுங்கோ."

"எல்லாம் முடிஞ்சபிறகு போட்டு ஆருக்கு என்ன? இப்ப அறிஞ்சாலாவது ஆரும் ஏதும் செய்வினம்."

உண்மையிலேயே அவர் அப்படி நம்பினார். ஆமியின் ஷெல்லையும் போட்டார், எங்கள் ஆட்கள் சுட்டதையும் போட்டார். 'இரண்டு பக்கமும் எங்களை விடவில்லை' என்று தலைப்பு வைத்தார்.

வெள்ளி மத்தியானத்துக்கிடையில் கடைகள் பத்திரிகைக் கட்டுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டன. மார்க்கம் வீதியில் ஒரு கடைக்குப் பின்னால், கழிவுத் தொட்டியில் அவிழ்க்காத கட்டுகளை நானே கண்டேன். ஃபோன் ஓயவில்லை. துரோகி என்றார்கள், எவ்வளவுக்கு விலைபோனாய் என்று கேட்டார்கள். தலையங்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன் என்று முன்பு சொன்ன ஒரு பெண், இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று அழுதாள். அவளுடைய மகனும் அந்தக் கடற்கரையில்தான் இருந்தான். அடுத்த கிழமை விளம்பரக்காரர் ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

ஜவ்ஃபர் மட்டும் பத்திரிகையைத் தன் கடை வாசலில் வைத்திருந்தார். சிறுவயதில், தொண்ணூறாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் இயக்கத்தால் விரட்டப்பட்டபோது, குடும்பத்தோடு கையில் ஒன்றுமில்லாமல் வெளியேறியவர் அவர்.

"ஆர் என்ன சொன்னாலும் இங்கை இருக்கும், அண்ணை. எங்களை வெளிக்கிடச் சொன்ன நேரம் நீங்கள் நாலு வரி போட்டிருக்கிறியள். மேலை உங்கட பழைய கட்டுக்குள்ளை பார்த்தனான்."

"நாலு வரிதானே போட்டனான், தம்பி" என்றார் பஸ்ரியன்.

இதைவிட மோசமானது பிறகு வந்தது. கொழும்பில் ஒரு பத்திரிகை அவருடைய செய்தியை ஆங்கிலத்தில் எடுத்துப் போட்டது. சனத்தை எங்கள் ஆட்கள் சுட்டது மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஷெல் விழுந்தது இல்லை. கனடாத் தமிழ்ப் பத்திரிகையாசிரியரே ஒப்புக்கொள்கிறார் என்று கீழே ஒரு வரி. பஸ்ரியன் கொழும்புக்கு ஃபோன் எடுத்தார். ஆசிரியர் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார். திரும்பத் திரும்பக் கூட்டம்தான். தன் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். அதை வாசிக்க ஆளில்லை.

வேரோனிக்கா மறுபடி ஃபோன் எடுக்கவேயில்லை.

சித்திரையில், ரொறன்ரோ நகர மத்தியில், யூனிவர்சிட்டி அவெனியூவில் ஆயிரக்கணக்கான சனம் திரண்டு, போரை நிறுத்து என்று கத்திக்கொண்டு நின்றது. தங்கச்சி குடும்பத்தின் படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு பஸ்ரியனும் போனார். கூட நானும் போனேன். கூட்டத்துக்குள் ஒருவர் அவரை அடையாளம் கண்டுவிட்டார்.

"கொழும்புக்கு எழுதிக் குடுத்தவர் வந்திருக்கிறார். உமக்கு இங்கை என்ன வேலை?"

நான்கைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவரும் அடிக்கவில்லை. தோளால் இடித்து இடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அவர் வீதியைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் படத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனபோது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு பொலிஸ்காரர் வந்து, நீங்கள் இவர்களுக்கு எதிராக நிற்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். பஸ்ரியன் ஆங்கிலத்தில் இது என் தங்கை என்றார். பொலிஸ்காரருக்கு விளங்கவில்லை. சரி, வீதியில் இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைகாசியில் போர் முடிந்தது. ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு அழுகை. கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த வெள்ளிக்கிழமை 'பனிமுரசு' வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகு அது வரவேயில்லை.

முகாம்களிலிருந்து வந்த பெயர்களில் அந்தக் குடும்பம் இருக்கவில்லை. புனிதவதி தெரிந்த எல்லா இடத்திலும் விசாரித்தார். காலம் போக, சிலர் சூப்பர்மார்க்கற்றில் பஸ்ரியனைக் கண்டால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் அண்டைக்கு எழுதினது சரிதான்" என்று மெல்லச் சொல்லத் தொடங்கினார்கள். அவர் தள்ளுவண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

இரண்டு மூன்று வருடம் கழித்து, அந்தக் கடற்கரையில் இருந்து தப்பிய ஒரு பெண் ரொறன்ரோவுக்கு வந்திருப்பதாக அறிந்து, புனிதவதி அவரை மில்லிக்கனில் இருந்த தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள்.

"வேரோனிக்கா ரீச்சரைத் தெரியும். பக்கத்துப் பங்கர்" என்றார் அந்தப் பெண். "பங்குனிக் கடைசியிலை அவவின்ரை மனுசனை இயக்க ஆக்கள் விசாரிக்கவேணுமெண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். அவர் திரும்பி வரேல்லை. அவர் வராமல் தான் வெளிக்கிடமாட்டன் எண்டு ரீச்சர் பிள்ளையளோடை அங்கையே இருந்திட்டா. நாங்கள் வெளிக்கிட்டிட்டம்."

"ஏன் கூட்டிக்கொண்டு போனவங்கள்?" என்று பஸ்ரியன் கேட்டார்.

"தெரியாது அண்ணை. அந்த நாளிலை கனபேரைக் கூட்டிக்கொண்டு போனவங்கள்."

"ஃபோன் கதைச்சதெண்டு ஏதும்..."

"எனக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் மறுபடியும் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினார்.

அவர் போனபிறகு பஸ்ரியன் வாசல்வரை என்னோடு வந்தார். "பேர் போடேல்லை ஐசே" என்றார். "ஆனால் மன்னாரைச் சேர்ந்த ஒரு ஆசிரியை எண்டு எழுதினன். ஊரில்லாமல் செய்தி நிக்காது எண்டு பழகின கை. அதுக்குள்ளை எத்தினை மன்னார் ரீச்சர்மார் இருந்திருப்பினம்?"

புனிதவதி உள்ளே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போடாதேங்கோ என்று சொன்னதை அவர் ஒருநாளும் திரும்ப எடுத்துப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு பஸ்ரியன் மிசிசாகாவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலாளி வேலைக்குப் போனார். பத்திரிகை வாசிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு கார்த்திகையிலும், இறந்தவர்களுக்கான பூசைக்கு முன், ஊரிலிருந்தே அவர்களைத் தெரிந்த குருவானவர் வேரோனிக்காவின் குடும்பத்தைச் சேர்க்கவா என்று கேட்பார். வேண்டாம், இன்னும் தேடுகிறோம் என்று புனிதவதி சொல்லுவார். போன வருடமும் குருவானவர் கேட்டார். புனிதவதி வாய் திறக்க முன்னம் பஸ்ரியன் சொன்னார்:

"சேருங்கோ ஃபாதர். நாலு பேரையும்."

புனிதவதி கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். பஸ்ரியன் குருவானவருக்குப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டு, காரைக் கொண்டுவரப் போனார்.