டிராக்டருக்கு அடுத்தது அத்தையின் வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை வடமதுரையில் எங்கள் மாதா கோயில் வாசலில் புது வண்டிகள் வரிசையாக நின்றன. பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து மந்திரிப்பார். ஒரு ஜெபம், கொஞ்சம் தீர்த்தம், சிலுவை அடையாளம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் நிம்மதியாக ஆக்ஸிலேட்டரைத் திருகுவார்கள்.

முதலில் ஒரு டிராக்டர், மாலையும் கழுத்துமாக. கடைசியில் ஒரு பைக், அதன் மேல் கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை. இரண்டுக்கும் நடுவில்... என் மாமியார்.

அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் கொண்டுவந்த வண்டிக்கு இன்ஜின் கிடையாது. நம்பர் பிளேட் கிடையாது. அலுமினியத்தில் நாலு கால், முன்கால் இரண்டில் மட்டும் குட்டிச் சக்கரம். ஆமாம், வாக்கர்தான். அதன் முன்கம்பியில், கையில் தட்டாத இடமாகப் பார்த்து, ஒரு முழம் மல்லிகை கட்டியிருந்தார்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த வரிசையில் நின்றதில் மிக முக்கியமான வண்டி அதுதான். ஏனென்றால் அத்தை இனி வடமதுரையில் வாழ்வாரா, சென்னைக்குப் போவாரா என்பதே அதை வைத்துத்தான் முடிவாக இருந்தது.

விவரமாகச் சொல்கிறேன்.

அத்தை வடமதுரையில் கட்பீஸ் கடை வைத்திருக்கிறார். ஜாக்கெட் துணி, பாவாடைத் துணி, லைனிங். மாமா இறந்த பிறகு தனியாளாக நடத்தும் கடை. ஒரு புடவையைத் தூரத்தில் பார்த்தாலே அதற்கு மேட்ச் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவார். கடைக்குப் பின்புறம் இரண்டு தெரு தள்ளி வீடு. கடையில் வேலை பார்க்கும் ஜோதி ராத்திரி துணைக்கு வந்து படுத்துக்கொள்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனுஷி, இந்த வருடத் தொடக்கத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. திண்டுக்கல்லில் ஆபரேஷன். அப்புறம் அங்கேயே எங்கள் வீட்டில் வாசம்.

என் கணவரின் தம்பி சென்னையில் வேலை பார்க்கிறார். ஓடி வந்தார், ஆஸ்பத்திரியில் கண் விழித்தார், கிளம்பும்போது ஒரு தீர்மானமும் சொன்னார். கடையை ஏறக்கட்டிவிடலாம், அம்மா இனிமேல் சென்னையில் என்னோடு இருக்கட்டும். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. பயம். தனியாக இருக்கும்போது மறுபடி விழுந்தால் யார் தூக்குவது?

அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரும் பிடிக்காம நானா நடந்து கடைக்குப் போயிட்டேன்னு வையி... அப்ப?"

அப்போது நான் வாயே திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார் கொழுந்தனார். மாதா திருநாள் லீவுக்கு வருவதாகப் பேச்சு. அதுவரைதான் கெடு.

நாங்கள் முதலில் சக்கரம் இல்லாத வாக்கரைத்தான் வாங்கினோம். அதைத் தூக்கி வைக்க வேண்டும், ஓர் அடி நடக்க வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். ஆபரேஷன் காலில் என்றால் வலி தோளில். கூடத்தைத் தாண்டுவதற்குள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. பிசியோதெரபி செய்ய வந்த பெண் பார்த்துவிட்டு, இவங்களுக்குத் தள்ளுகிற மாதிரி, சக்கரம் வைத்தது வாங்குங்கள் என்றார்.

நானும் என் கணவரும் சர்ஜிக்கல் கடைக்குப் போனோம். நாமெல்லாம் ஒரு பொருளை எப்படி வாங்குவோம்? பளபளப்பைப் பார்ப்போம். கனமாக இருந்தால் உழைக்கும் என்போம். அப்படியே செய்தோம். என் கணவருக்கு நாலு சக்கரமும் பிரேக்கும் வைத்த மாடலைப் பார்த்ததும் கண் மின்னியது. பிரேக்கைப் பிடிக்கிறார், விடுகிறார், கடைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளுகிறார். மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, எப்போ தம்பி விழுந்தீங்க என்று விசாரித்தார். அப்புறம்தான் மனுஷர் கையை எடுத்தார்.

கடைக்காரர் ஒரே கேள்வி கேட்டார். அம்மா கம்பியைச் சும்மா பிடித்துக்கொள்வாங்களா, இல்லை உடம்புப் பாரத்தைச் சாய்ப்பாங்களா? சாய்ப்பாங்க என்றேன். அப்படியானால் நாலு சக்கரம் வேண்டாம், அவர் சாயச் சாய அது முன்னால் ஓடிவிடும், முன்னால் சக்கரமும் பின்னால் ரப்பர் குமிழும் உள்ளதை எடுங்கள் என்றார். உயரம்? அதை நாங்கள் ஆறடி உயர என் கணவரை நிற்க வைத்தல்லவா சரிபார்த்திருந்தோம்! வீட்டுக்குப் போனதும், அம்மா எப்போதும் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக நிற்கட்டும், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆக, உங்கள் வீட்டிலும் யாருக்காவது வாங்கப் போகிறீர்கள் என்றால், அவர் உயரத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். கூடவே பாத்ரூம் கதவின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். நாங்கள் அளக்கவில்லை. மாதா புண்ணியத்தில் நூலிழையில் நுழைந்தது.

வீட்டுக்கு வந்தது வண்டி. அளவு சரி. சக்கரம் சரி. அப்புறம் என்ன? அப்புறம்தான் நம்ம ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம்.

கைப்பிடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை யாரும் பிரிக்கவில்லை!

நாம் எதைப் பிரித்திருக்கிறோம்? டிவி ரிமோட் கவரோடுதான் இருக்கிறது. புது கார் வாங்கியவர் வருடம் முழுக்க சீட்டில் சரசரவென்று வழுக்கிக்கொண்டேதான் போகிறார். அத்தையும் துணிக்கடைக்காரர், துணியின் மேல் தூசி விழ விடாதவர். நான் பிரிக்கப் போனபோது, அழுக்காயிரும் விடு என்று தடுத்தவரே அவர்தான்.

அடுத்த நாளே உள்ளங்கை வியர்த்து, பிளாஸ்டிக்கில் வழுக்கி, அத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நல்லவேளை, பக்கத்தில் நின்றேன். தாங்கிப் பிடித்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முகம் வெளுத்துப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர் அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதே வாரம் வடமதுரையிலிருந்து பார்க்க வந்தவர்கள் வேறு, வண்டியைப் பார்த்து ச்சு... ச்சு... என்று உச்சுக் கொட்டினார்கள். எப்படி இருந்த ஆளு என்றார்கள். அவர்கள் போனதும் அத்தை அதை மூலைக்குத் தள்ளச் சொன்னார். மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடினார். நாலைந்து நாளில் அதில் ஈரத் துண்டு காய ஆரம்பித்தது.

கொழுந்தனார் போனில், அம்மாவுக்கு வெயில் படும் அறையாக ஒதுக்கியிருக்கிறேன் அண்ணி என்று சந்தோஷமாகச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அவசரமாக அணைத்தேன். அத்தை கூப்பிடும் தூரத்தில்தான் படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, புது வண்டிய மந்திரிக்காம யாராச்சும் எடுப்பாகளா? அதான் என்னையத் தள்ளிவிடப் பாத்துருக்கு."

சாக்குப்போக்கு என்றுதான் நினைத்தேன். சரி, தீர்த்தம் ஒரு பாட்டிலில் வாங்கி வந்து தெளித்துவிடலாம் என்றேன். ஆகாதாம். என் கணவர், வண்டியை ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்துக் கோயிலில் மந்திரித்து வருகிறேன் என்றார். அதுவும் ஆகாதாம்.

"டிரைவர் இல்லாம வண்டிய மட்டும் அனுப்புவியாக்கும்? நம்ம கோயில்ல, ஞாயித்துக்கிழம, எல்லா வண்டியோடயும் நின்னு மந்திரிக்கணும். நான் தள்ளிட்டுப் போயி நிப்பேன்."

அப்போதுதான் புரிந்தது. வடமதுரை மொத்தமும் அத்தையை வேனில் படுக்க வைத்து ஏற்றியதைத்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறது. இனி ஒவ்வொருத்தராக வந்து உச்சுக் கொட்டுவதற்கு அத்தை தயாராக இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், நின்று நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். அதோடு முடிந்தது! வியாபாரம் செய்த மூளை அல்லவா.

கத்தரிக்கோல் கேட்டார். கைப்பிடிக் கவரை அவரே வெட்டி உரித்துக் குப்பையில் போட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சக்கரச் சத்தம்தான். முதலில் வண்டி, அடுத்து ஆபரேஷன் கால், அதற்கப்புறம் நல்ல கால். வண்டியை எட்டத் தள்ளிவிட்டுப் பின்னால் ஓடக் கூடாது. அதற்குள்ளே நிற்கிற மாதிரி நடக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது வண்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, அப்புறம் வண்டியைப் பிடிக்க வேண்டும். பிசியோதெரபி பெண் சொன்னதை எல்லாம் அத்தை எங்களுக்கே திரும்ப ஒப்பித்தார். கட்டிலிலிருந்து அடுப்படிக்கு ஜெபமாலையில் ஒரு மணி உருட்டி ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லும் நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். முதலில் அந்தத் தூரத்துக்கு முக்கால் ஜெபமாலை ஆனது என்பது எனக்கும் மாதாவுக்கும் மட்டுமே தெரியும்.

நாங்களும் வேலை செய்தோம். மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போட்டோம். நிலைப்படிகளில் சக்கரம் ஏறி இறங்கச் சரிவாகப் பலகை அடித்தோம். வடமதுரை வீட்டிலும் அப்படியே செய்து, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்தோம். காலையில் தெருவின் சிமென்ட் ரோட்டில் அத்தை நடப்பார், நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போவேன். கையைக் கட்டிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிடிக்கப் பழகிய கை!

போன ஞாயிறும் வந்தது. திருநாள் லீவுக்குக் கொழுந்தனாரும் வந்தார். கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில், செல்போனில் சிக்னல் தேடுகிற மாதிரி நின்றுகொண்டு, அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டிலிருந்து வண்டி வரிசை வரைக்கும் ஜல்லி போட்டிருந்தார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. பாதித் தூரம் நன்றாக வந்த அத்தையின் சக்கரம் ஜல்லியில் சிக்கியது. அத்தை முன்னால் குனிந்தார். அவ்வளவுதான், டிராக்டர்காரர் ஒரு பக்கம், பைக் மாப்பிள்ளை ஒரு பக்கம் ஓடி வந்தார்கள். வேப்பமரத்தடியிலிருந்து கொழுந்தனாரும் பாய்ந்தார். என் கட்டிய கையும் அவிழ்ந்துவிட்டது.

"யாரும் தொடாதீங்க. செத்த பொறுங்க."

கடையில் பேரம் பேசுகிறவர்களிடம் பேசும் அதே குரல். எல்லாரும் அப்படியப்படியே நின்றோம். அத்தை மூச்சு வாங்கினார். வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். அங்கேயே சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பினார். சுவரோரமாகச் சிமென்ட் பாதை ஒன்று சுற்றிக்கொண்டு போனது. அதில் ஏறினார். தூரம் அதிகம். அதனால் என்ன? சுற்றி வந்து டிராக்டருக்கு அடுத்த இடத்தில் நிமிர்ந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் பிள்ளை மார்க் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஃபாதர் டிராக்டரை முடித்துவிட்டு வந்தார். ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர். நோயாளி ஆசீர் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து அத்தையின் தலையில் கை வைக்கப் போனார். அத்தை தலையை நகர்த்திக்கொண்டார்.

"எனக்கு இருக்கட்டும் சாமி. மொதல்ல வண்டிக்கு."

ஃபாதர் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரிக்காமல், டிராக்டருக்குச் சொன்ன அதே ஜெபத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒருத்தரும் உச்சுக் கொட்டவில்லை. பைக் மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு வழிவிட்டார்.

அத்தை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கடைக்கு நடந்தார். நடுவில் ஒரு வீட்டு வாசலில் நின்று இளைப்பாறினார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் ஊர்வலமாகப் போனோம். கடை வாசலில் பூட்டைத் திறந்துவிட்டு மகனைப் பார்த்து, ஷட்டர் கனம், அதை மட்டும் நீ தூக்கு என்றார். கொழுந்தனார் தூக்கினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அவரை வழியனுப்பத் திண்டுக்கல் ஜங்ஷனுக்குப் போனோம். பிளாட்பாரத்துக்குப் போகாமல் ரிசர்வேஷன் கவுண்டரில் போய் நின்றார். அப்போதுதான் தெரிந்தது, திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். ஒன்றைக் கேன்சல் செய்து, கிடைத்த பணத்தை அப்படியே என் கையில் வைத்தார்.

"அந்த வண்டிக்கு முன்னால ஒரு கூடை வாங்கி மாட்டிடுங்க அண்ணி. சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கிட்டு அம்மா எப்படிக் கடைக்கு நடப்பாங்க?"

சென்னை தப்பித்தது!